வரிசை எண் பதினேழு

எங்கள் சாப்பாட்டு அறையில் நாற்காலி நான்கு. மூன்றாவதில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருக்கிறார். இது நான் சொல்வதல்ல. வாடகைக் குடியிருப்பு நிர்வாகத்தின் ஒப்படைப்புப் பட்டியல், இரண்டாம் பக்கம், வரிசை எண் பதினேழு சொல்வது. நான் வெறும் தையல்காரன். அளவெடுப்பேன், வெட்டுவேன், தைப்பேன். இல்லாத ஆளுக்குச் சட்டை தைத்த பழக்கம் எனக்குக் கிடையாது.

வீட்டை ஒப்படைக்கப் பட்டியல் எழுத்தர் வந்திருந்தார். ஒல்லியான மனுஷர். வாசலில் செருப்பைக் கழற்றியதிலிருந்து திரும்ப மாட்டியது வரை தலையைக் காகிதத்திலிருந்து எடுக்கவேயில்லை. அறை அறையாக நடந்துகொண்டே படித்தார். நான் பின்னால் நடந்தேன். என் தோளில் கைவைத்தபடி என் மனைவி நடந்தாள்.

"ஒன்பது. சமையலறைச் சுவரில் அலமாரி ஒண்ணு, இடுப்பு உயரம், விளிம்புல எலிக்கடி. பத்து. சுவத்துல ஆணி பதினொண்ணு, பயனற்றவை. பதினொண்ணு. அடுப்புக்கு முன்னால தரையில தகரப் பட்டை, காரணம் தெரியவில்லை."

இப்படியே போய்ப் பதினேழுக்கு வந்தார்.

"சாப்பாட்டு மேஜை ஒண்ணு. நாற்காலி நாலு. மூணாவதுல ஒரு பெண்மணி, வயதானவர், ஜன்னலைப் பார்த்து அமர்ந்த நிலையில்."

"எங்க சார்?" என்றேன்.

"என்ன எங்க?"

"பெண்மணி."

அவர் காகிதத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பார்க்கவில்லை. "மூணாவதுல," என்றார்.

"அங்க யாரும் இல்லையே?"

"குறை ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடணும். அப்புறம் சொன்னா நீங்க பண்ணினதா ஆயிடும். பட்டியல் சரிதானே? சரிதானே? சரிதானே?"

மூன்று தடவை கேட்பது விதியாம். வண்டிக்காரன் சாமானோடு வெளியே கத்திக்கொண்டிருந்தான். எந்தக் காலத்திலோ எவனோ கவனமில்லாமல் எழுதி வைத்தது, நமக்கென்ன என்று கையெழுத்துப் போட்டேன். எழுத்தர் போன பிறகு என் மனைவி கேட்டாள்.

"வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

"இல்லம்மா. ஆபீஸ்காரங்க பேச்சு."

"இல்ல... சோப்பு வாசனை வருது. யாரோ குளிச்சுட்டு வந்து உக்காந்த மாதிரி."

காலி வீட்டில் பழைய வாசனை இருக்கத்தான் செய்யும் என்று சொல்லி வைத்தேன்.

என் மனைவிக்குப் பார்வை ஒரு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, போன மழைக்காலத்தோடு முழுசாகப் போய்விட்டது. அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் ஒரு ஆஸ்பத்திரி கேண்டீனில் டீ போட்டவள். ஒரு நாளைக்கு நானூறு டீ. விடியற்காலையில் அவள் டீயைக் குடித்துவிட்டுத்தான் டாக்டர்களே கத்தியைக் கையில் எடுப்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள். கண் போன பிறகு அவள் அழுததை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அன்றைக்கு நான் போட்ட டீயைக் குடித்துவிட்டு அழுதாள்.

"நல்லா இல்லையா?" என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும். எனக்கு ஒரு டீ போதும். நானே போடணும், நானே குடிக்கணும். போடறப்ப பக்கத்துல ஒருத்தரும் நிக்கக் கூடாது."

அந்த ஒரு டீக்காகத்தான் மாடி வீட்டை விட்டுவிட்டு இந்தத் தரைத்தள வீட்டுக்கு வந்தோம். சமையலறையும் சாப்பாட்டு அறையும் ஒட்டி இருந்தன. நடுவில் படி இல்லை, கதவு இல்லை. அவள் கைக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் அமைத்துவிட வேண்டும் என்பது என் திட்டம்.

அளவு என்றால் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நாடாவை எடுத்தேன். அவள் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டேன். இடுப்பு உயரத்தில் கோணல்மாணலாகத் தொங்கிய அலமாரியைக் கழற்றித் தோள் உயரத்துக்கு ஏற்றினேன். காரணமே இல்லாமல் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த பதினோரு ஆணிகளையும் பிடுங்கினேன். காலில் தட்டுமே என்று தகரப் பட்டையைப் பெயர்த்தேன். டப்பாக்களுக்குத் துணியில் உறை தைத்து மாட்டினேன். உப்புக்கு ஒரு பொத்தான், சர்க்கரைக்கு இரண்டு, தேயிலைக்கு மூன்று. மூன்றாவது நாற்காலியை மூலையில் போட்டு அதன் மேல் துணிமூட்டையை வைத்தேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். நாற்காலி மேஜையோரம் பழைய இடத்தில், ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. மூட்டையைப் பிரித்துத் துணிகளை மூலையில் மடித்து வைத்திருந்தது. டப்பாக்களின் உறைகளைக் காணோம். மேஜை மேல் அவை அடுக்கியிருந்தன. பக்கத்தில் ஒரு தட்டில் ஆறு பொத்தான்கள்.

"நீயா பிரிச்சே?"

"நான் ஏன் பிரிக்கறேன்? சேர் நகர்ற சத்தம் கேட்டுச்சு. நீங்கதான் வந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

பொத்தானைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நூலை அறுக்கவில்லை. முடிச்சை ஊசியால் நெகிழ்த்தி, ஒவ்வொரு இழையாகப் பிரித்திருந்தார்கள். இருபது வருஷம் தொழிலில் இருப்பவனுக்கும் பொறுமை போகும் வேலை. எழுத்தரிடம் மாற்றுச் சாவி உண்டு என்பது நினைவுக்கு வந்தது. அந்த ஆளின் விரலுக்கு இந்த நிதானம் உண்டா என்பதையும் யோசித்தேன். யோசித்த பிறகு பகல் வெளிச்சத்திலேயே விளக்கைப் போட்டேன்.

வாசல் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வரிசை எண் ஒன்பது, பத்து, பதினொன்று இடம் மாறியிருப்பதாகவும், மூன்று நாளுக்குள் அதே துளையில், அதே ஆணியால், அதே கோணலில் திரும்ப வைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய நேரிடும் என்றும் எழுதியிருந்தது. வரிசை எண் பதினேழைப் பற்றி ஒரு வரி தனியாக இருந்தது: 'இருக்கை, இருந்தவரால் சரிசெய்யப்பட்டது.'

நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். கண்காணிப்பாளர் நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். உட்காரச் சொன்னார். மேஜையில் கோப்பு, கோப்பின் மேல் கோப்பு, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கண்ணாடிக் குண்டு. எழுத்தரும் ஓரத்தில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த நாற்காலியில யாரும் இல்ல."

"இருக்காங்க. முன்னவர்."

"முன்னவரா?"

"உங்களுக்கு முன்னாடி குடியிருந்தவங்க. நீங்க பின்னவர். பயப்படாதீங்க, நல்லவங்கதான். இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல."

"அவங்க இறந்துட்டாங்கன்னு எதிர்வீட்டு அக்கா சொல்றாங்களே சார்?"

கண்காணிப்பாளர் சிரித்தார். சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருகிற சிரிப்பு.

"இறக்கறது வேற, காலி பண்றது வேற. இறக்கறதுக்குப் படிவம் சுகாதார அலுவலகத்துல இருக்கு. காலி பண்றதுக்குப் படிவம் நம்மகிட்ட இருக்கு. அந்தம்மா அங்க முடிச்சுட்டாங்க. இங்க இன்னும் முடிக்கல."

"உடம்பையே எடுத்துட்டுப் போயிட்டாங்களே சார்!"

"உடம்புன்னு நம்ம பட்டியல்ல எங்கயாவது இருக்கா? பெண்மணின்னுதானே இருக்கு. உடம்பை அவங்க எடுத்துக்கிட்டாங்க. பெண்மணியை நாம வெச்சிருக்கோம். ஒரு துறை இன்னொரு துறை வேலையில தலையிடக் கூடாது பாருங்க." குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "பெருமைக்குச் சொல்லல, நான் இந்தப் பதவிக்கு வந்த பதினாறு வருஷத்துல பட்டியல்ல ஏறின ஒருத்தரையும் வெளிய அனுப்பினதில்ல. வாடகைக்கு வர்றவங்க வருவாங்க, போவாங்க. ஏறினவங்க ஏறினவங்கதான்."

நான் எழுத்தர் பக்கம் திரும்பினேன். "நீங்க எப்படி சார் அப்படி எழுதினீங்க?"

"வருஷாந்திர சரிபார்ப்புக்குப் போனேன். உக்காந்திருந்தாங்க. பட்டியல் சரிதானேன்னு மூணு தடவ கேட்டேன். பதில் சொல்லல. மௌனம் சம்மதம்னு எழுதிட்டு வந்துட்டேன்."

"அப்பவே அவங்க..."

"நாலு நாள் ஆயிருந்துச்சாம். பின்னாடி சொன்னாங்க."

"மூஞ்சியைப் பார்த்தாத் தெரியாதா சார்?"

எழுத்தர் முதல் தடவையாகக் கொஞ்சம் வருத்தப்பட்டார். "முகத்துக்குப் பட்டியல்ல கட்டம் கிடையாது," என்றார்.

என் மனைவியின் நிலைமையைச் சொன்னேன். அந்த ஒரு டீயைப் பற்றியும் சொன்னேன். கண்காணிப்பாளர் கண் கலங்கிவிட்டார். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, ஏழு பிரதியில் மனுக் கொடுக்கச் சொன்னார்.

"மனு மேலிடத்துக்குப் போகும். அனுமதி வந்ததும் முன்னவர்கிட்ட நேர்ல கேப்போம். அவங்க மௌனமா இருந்தா மறுப்புன்னு அர்த்தம்."

"இப்பதான சார் மௌனம் சம்மதம்னீங்க?"

"அது பட்டியலுக்கு. உள்ளதை உள்ளபடி ஒத்துக்க மௌனம் போதும். மாத்தறதுக்கு வாயைத் தொறந்து சொல்லணும். இல்லன்னா செத்தவங்க வீட்டை எல்லாம் ஆளாளுக்கு இடிச்சுக் கட்டிட்டுப் போயிடுவாங்க இல்ல? அவங்களுக்கு நம்மள விட்டா யார் இருக்கா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது. ஆனாலும் வரைபடத்தோடு ஏழு பிரதி எழுதிக் கொடுத்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறேன் என்று அப்போது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அலமாரியை இறக்கினேன். பதினோரு ஆணியையும் அதனதன் துளையில் அடித்தேன். தகரப் பட்டையை ஒட்டினேன். எழுத்தர் செவ்வாய்க்கிழமை வந்து சரி என்று குறி போட்டார்.

உறைகள் மட்டும் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததற்குத் தடையும் இல்லை. ஆகவே திரும்பத் தைத்து மாட்டினேன். மறுநாள் மத்தியானம் பொத்தான்கள் தட்டில் இருந்தன. மறுபடி தைத்தேன். மறுபடி தட்டில் இருந்தன. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. யாராக இருந்தாலும் சரி, என் தையலை என் வீட்டில் ஒருத்தர் பிரிப்பதா? கோணிப் பை தைக்கிற நைலான் நூலை எடுத்து, இரட்டை முடிச்சுப் போட்டு, உறையை டப்பாவோடு சேர்த்து இறுக்கித் தைத்தேன். இனி பிரித்துப் பார்க்கட்டும் என்று அந்த நாற்காலியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் பொத்தான்கள் தட்டில் இல்லை. கட்டின முடிச்சு கட்டினபடி இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் என் மனைவி என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். சர்க்கரை டப்பாவை எடுத்துத் திறந்தாள். உறையின் தொங்கல் அடுப்பில் பட்டது. நைலான் நூல் உருகி அவள் வலது மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. நான் உள்ளே ஓடினபோது அவள் கத்தக்கூட இல்லை. கையைக் குழாயில் காட்டியபடி நின்றிருந்தாள்.

"தண்ணிக்குழாய்ப் பக்கம் யாரோ என்னைத் தள்ளினாங்க," என்றாள். "நீங்களா?"

நான் அப்போது வாசலில் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தேன். இரண்டு நாள் நான் கடைக்குப் போகவில்லை. எனக்கு என்னையே பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு நிமிஷம் அந்தச் சமையலறையில் நின்று பார்த்திருந்தால் அடுப்புப் பக்கம் துணியைத் தொங்கவிட்டிருக்க மாட்டேன். எனக்குக் கண் இருந்ததுதான் கோளாறு.

மூன்றாம் நாள் வலது கை கட்டோடு இருக்க, அவள் இடது கையால் அலமாரியைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, எலி எண்ணி எண்ணிக் கடிக்குமா?"

"என்ன?"

"விளிம்புக்கு அடியில தடவிப் பாருங்க. இங்க ஒரு வெட்டு. ஒரு சாண் தள்ளி ரெண்டு. அப்புறம் மூணு. அப்புறம் நாலு. ஈரக் கையிலயும் தெரியுது."

நான் கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். கத்தியால் செதுக்கி, விரல் கிழியாதபடி முனையைத் தேய்த்துவிட்ட வெட்டுகள். அலமாரி ஏன் அவ்வளவு தாழ்வாக இருந்தது என்பதும் விளங்கியது. நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால் விளிம்பு விரலில் படுகிறது. கோணல் என்று நினைத்தது கோணல் இல்லை; டப்பா தானாக முன்னுக்கு வரச் சரிவு. பதினோரு ஆணிகள் சாப்பாட்டு மேஜையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஒரே மட்டத்தில் போயின. அவற்றில் ஒரு கயிற்றைக் கட்டினால் கை அதைப் பிடித்துக்கொண்டே போகும். தகரப் பட்டை காலில் பட்டால் அடுப்பு ஒரு எட்டில் இருக்கிறது என்று அர்த்தம்.

எதிர்வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"ஆமா, கண்ணு தெரியாதவங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "சுத்தமா இருப்பாங்க. தனியா இருந்து தனியாவே ஆக்கித் தின்னாங்க. ஒரு நாளாவது கை சுட்டுக்கிட்டாங்கன்னு கேட்டதில்ல."

பதினாறு வருஷமாகப் பட்டியல் எழுதியவர்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. அதற்கும் கட்டம் இல்லை போலிருக்கிறது. ஆனால் நான் மட்டும் என்ன பெரிய ஒழுங்கு? அவர்கள் பார்க்காமல் எழுதினார்கள், நான் பார்த்துவிட்டுப் பிடுங்கினேன். அந்த அம்மாளின் சமையலறையைக் காப்பாற்றியது அந்த மடத்தனமான பட்டியல்தான் என்பதை நினைக்க எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆணிகளில் கயிறு கட்டினேன். உறைகளைக் குப்பையில் போட்டேன். மற்றதெல்லாம் அவள் பாடு. பகல் முழுக்க அந்த அறையிலேயே இருந்தாள். சில சமயம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்கும். நான் நுழைந்தால் நின்றுவிடும்.

"உப்பு அங்க இல்லையாம், நாலு வெட்டுக்கிட்டதான் வைக்கணுமாம்," என்றாள் ஒரு நாள்.

"யாரு சொன்னது?"

கொஞ்சம் யோசித்தாள். "கை சொல்லுச்சு," என்றாள். அவள் முகம் மூன்றாவது நாற்காலிப் பக்கம் இருந்தது.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தில் ஒரு வருஷமாகக் காணாத தெளிவும் இருந்தது. நான் எதைக் கேட்டு எதைக் கெடுப்பேன்?

பத்தாம் நாள் என்னை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக டீ போட்டாள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தகரப் பட்டையில் கால் பட்ட சத்தம். மூடி திறந்த சத்தம். கரண்டி பாத்திரத்தில் இரண்டு தட்டு. கேண்டீனில் தட்டுகிற அதே தட்டு. என்னைக் கூப்பிட்டபோது மேஜையில் டம்ளர் மூன்று இருந்தது. ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. மூன்றாவதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் டம்ளர்களைக் கழுவப் போனபோது மூன்றும் காலியாக இருந்தன. அவளே இரண்டு குடித்திருப்பாள் என்று நான் நம்புகிறேன்.

இந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து என் மனுவுக்கு அனுமதி வந்தது.

வெறும் அனுமதி இல்லை. கருணை. கண் தெரியாத பெண்ணின் கதையைப் படித்து மேலிடமே உருகி, எங்கள் வீட்டை 'மாதிரிச் சமையலறை' ஆக்கச் சொல்லியிருந்தது. அலமாரியை இழைத்து வழவழப்பாக்க வேண்டும். ஆணி, பட்டை எல்லாம் அகற்ற வேண்டும். ஒரே அளவில், ஒரே வெள்ளை நிறத்தில் இருபது டப்பா. சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பெரிய பூப்படம்.

ஓட்டமாக அலுவலகத்துக்குப் போனேன். "சார், வேண்டாம் சார். இருக்கறதே போதும். மனுவைத் திருப்பி வாங்கிக்கறேன்."

கண்காணிப்பாளருக்கு மனசு புண்பட்டுவிட்டது.

"நீங்க கேட்டீங்க, நாங்க குடுத்தோம். குடுத்ததை வேண்டாம்னு சொல்ல விதியில இடமே இல்லையே. வந்து பாருங்க சார், கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சியா இருக்கும்னு!"

"அவளுக்குக் கண்ணே தெரியாது சார்!"

"அதனாலதானே இவ்வளவு செலவு பண்றோம்?" என்றார்.

எனக்கு ஒரு வழிதான் இருந்தது. "முன்னவர்கிட்ட கேக்கணுமே? அவங்க மௌனமா இருந்தா மறுப்புன்னீங்களே?"

"கேப்போம். வியாழக்கிழமை வேலையாட்களோட வர்றோம். ஆனா மேலிடம் ஒரு குறிப்பு போட்டிருக்கு." கோப்பைப் பிரித்துப் படித்தார். "'முன்னவர் இருக்கையில் இருப்பது கண்ணால் கண்டு உறுதி செய்யப்பட்டால் மட்டுமே அவரது மௌனம் செல்லும். இருக்கை காலியாக இருந்தால் முன்னவர் வெளியேறியதாகக் கொண்டு வேலையைத் தொடங்கலாம்.'"

"சார், இத்தனை நாளா அங்க இருக்காங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"பட்டியல்படி இருக்காங்க. கண்ணால யாரு பாத்தா?" என்றார் கண்காணிப்பாளர்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் அலமாரியின் விளிம்பை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு தடவை தடவினாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். முன்னால் கண்காணிப்பாளர், பின்னால் எழுத்தர், அதற்கும் பின்னால் இழைப்புளியும் பெயிண்ட் வாளியுமாக நான்கு பேர். நான் கதவைத் திறந்தேன். சாப்பாட்டு அறையில் நுழைந்ததும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

மூன்றாவது நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைப் பார்த்து. இரண்டு கையும் மடியில். தலையில் ஒரு பழைய வெள்ளைத் துண்டு, குளித்துவிட்டு வந்த மாதிரி. அந்தத் துண்டு எங்கள் வீட்டுத் துண்டு இல்லை.

கண்காணிப்பாளர் மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் போய் நின்றார்.

"அம்மா, மாற்றம் செய்ய உங்களுக்குச் சம்மதமா?"

பதில் இல்லை.

"சம்மதமாம்மா?"

ஜன்னல் திரை அசைந்தது. அவள் அசையவில்லை. இமைகூட அசையவில்லை.

"கடைசித் தடவையாக் கேக்கறேன். சம்மதமா?"

பெயிண்ட்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போனார். கண்காணிப்பாளர் மூச்சை இழுத்துவிட்டார். அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. பதினாறு வருஷமாகத் தான் நம்பி வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்ட திருப்தி இருந்தது.

"நான் சொல்லல?" என்றார் என்னிடம். "இருக்காங்க."

வேலையாட்கள் வாளியோடு வெளியே போனார்கள். மனு தள்ளுபடி. எழுத்தர் மட்டும் நின்று, பட்டியலில் புதுப்பக்கம் திருப்பி, கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு எனக்குப் படித்துக் காட்டினார்.

"பதினேழு. நாற்காலி நாலு. மூணாவதுல ஒரு பெண்மணி, நடுவயது, வலது மணிக்கட்டுல தீக்காயம், ஜன்னலைப் பார்த்து அமர்ந்த நிலையில். வீட்டில் குடியிருப்போர்: பின்னவர் ஒருவர்."

"சார், நாங்க ரெண்டு பேர் சார்."

"ஒருத்தர் பட்டியல்ல ஏறிட்டாங்க. ஒரே ஆளை ரெண்டு எடத்துல எழுத முடியாது. இல்ல, நாற்காலியில இருக்கறது முன்னவர் இல்லைன்னு சொல்றீங்களா? சொன்னீங்கன்னா வேலையாட்களைக் கூப்பிடறேன். வாசல்லதான் இருக்காங்க." பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டார். "பட்டியல் சரிதானே?"

நான் சமையலறையைப் பார்த்தேன். எண்ணி எண்ணிக் கடித்த எலிக்கடியைப் பார்த்தேன்.

"சரிதானே?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை.

"சரிதானே?"

எனக்கு வாய் வரவில்லை. எழுத்தர் தலையைக் குனிந்து 'மௌனம் சம்மதம்' என்று எழுதினார். அழகான கையெழுத்து. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்தேன். "போயிட்டாங்கம்மா. எந்திரி."

அவள் பேசவில்லை.

"போயிட்டாங்க. எந்திரிம்மா."

பேசவில்லை. அந்த அறையில் நின்று அதே நாற்காலியிடம் எழுத்தரும் இப்படித்தானே மூன்று தடவை கேட்டார் என்று நினைத்தேன். மூன்றாம் தடவை கூப்பிட எனக்குத் தைரியமே இல்லை. ஆனாலும் கூப்பிட்டேன்.

"இருங்க," என்றாள் அவள், மெதுவாக. "அவங்க இன்னும் சொல்லி முடிக்கல."

அப்புறம் எழுந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். தகரப் பட்டையில் கால் பட்டது. கரண்டி இரண்டு தட்டுத் தட்டியது. மூன்று டம்ளரோடு திரும்பி வந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் மேஜையில் வைத்து, மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். அது எப்போதும் அவள் நாற்காலியாக இருந்தது போலச் சாவகாசமாக உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல நான்காவதை இழுத்தேன்.

"அங்க உக்காராதீங்க," என்றாள். "அவங்க அங்க மாறி உக்காந்திருக்காங்க."

முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்து டம்ளரை எடுத்தேன். அந்தக் காலத்து டீ. டாக்டர்கள் குடித்துவிட்டுக் கத்தியை எடுத்த டீ.

"நல்லா இருக்கா?"

இன்னொரு வாய் குடித்தேன்.

"நல்லா இருக்கா?"

தலையை ஆட்டினேன். ஆட்டினால் அவளுக்கு எப்படித் தெரியும்?

"நல்லா இருக்கான்னு கேட்டேன்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி, மௌனம் சம்மதம்," என்று சொல்லி அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவளோடு சேர்ந்து நான்காவது நாற்காலியும் ஒரு தடவை கிரீச்சிட்டது.